இரண்டாம் கட்டத்து வார்த்தை

தொழிற்சாலையில் அவளுக்கு நொட்டையக்கா என்று பேர். யார் வைத்தது என்று பத்தொன்பது வருடமாக அவள் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்றுவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரே நிற்கும்போது 'அக்கா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முன்பாதி, அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் வரும்.

அவளுடைய வேலையே நொட்டை சொல்வதுதான். உயரமான கட்டிடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு வர்ணம் பூசுகிறவர்களும் கண்ணாடி துடைக்கிறவர்களும் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட் அங்கே தயாராகிறது. நெய்த நைலான் பட்டை ரோல் ரோலாக வரும். கீழிருந்து விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேசைமேல் அதை இழுத்து இழுத்துப் பார்த்து, நல்லது எது, ஆகாதது எது என்று பிரிப்பது அவள் பொறுப்பு. கண் மேலே இருக்கிற குறையைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதை விரல்தான் பார்க்கும் என்பாள். இடது கட்டைவிரல் பட்டைக்கு அடியில், இரண்டு விரல் மேலே. பட்டை ஓடும்போது அவள் பேசமாட்டாள். பக்கத்தில் யாராவது பேசினால், எதற்காக இப்போது பேசுகிறார்கள் என்று யோசிப்பாள்.

வீட்டிலும் அதே கைதான். சட்டை வாங்கப் போனால் கடையிலேயே பித்தானைப் பிடித்து இழுப்பாள். அது கையோடு வந்துவிட்டால், "இப்பவே வருது பாருங்க" என்று கடைக்காரரிடம் நீட்டுவாள். லாரி ஓட்டுகிற கணவர் வாரத்துக்கு ஒரு தடவை வீடு வந்ததும் வாசலில் நின்று கையைத் தூக்கிக்கொண்டு, "ம், செக் பண்ணிக்க, அப்புறமா உள்ள வர்றேன்" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். சட்டைப்பையைப் பார்த்துவிட்டுத்தான் வழி விடுவாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் மருமகள் வந்தாள். மகனே பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்த பெண், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிறவள். நேரத்துக்கு எழுந்தாள், மரியாதையாகப் பேசினாள், குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். நொட்டையக்காவுக்கு அதுதான் இடித்தது. ஒரு ரோல் முழுக்க ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவள் பழக்கம். மருமகளை அவள் நான்கு மாதமாக முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்கும்போது ஒரு திங்கட்கிழமை புது மேனேஜர் செக்கிங் பிரிவுக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் திரைச்சீலை நெய்கிற ஒரு மில்லில் இருந்தவர். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"இனிமே சாக்பீஸ் கோடெல்லாம் வேணாம். பெல்ட் வாங்குற கம்பெனி புது ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. சரியில்லாத ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு டிக் போட்டா போதும். மொத கட்டம் டிஃபெக்ட். அதுல விழுந்தா கழிவு. ரெண்டாவது கட்டம் ஃப்ளா. அது சின்ன விஷயம். அதுல விழுந்தா தையலுக்குப் போகலாம்."

அதுவரை அங்கே நடந்தது வேறு. ஆகாத ரோலில் சிவப்புக் கோடு போடுவார்கள். அது நேராகக் கழிவுக்குப் போகும். சந்தேகமான ரோலில் வெள்ளைக் கோடு. அது பின்கட்டில் இருக்கிற அறைக்குப் போகும். அங்கே ஒரு துண்டு வெட்டி, மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, தாங்கினால் எடுப்பார்கள், தாங்காவிட்டால் கழிப்பார்கள். நொட்டையக்கா போட்ட கோடுகளில் முக்கால்வாசி வெள்ளைதான்.

"வெள்ளைக் கோடு எங்க சார் போச்சு?" என்றாள்.

"அதான் ரெண்டே கட்டம்னு சொன்னேனே."

"சின்ன விஷயம்னா எது சார்?"

"சின்னதுன்னா சின்னதுதாம்மா."

"எனக்குச் சின்னதாத் தெரியறது உங்களுக்குப் பெருசாத் தெரியலாம் இல்லையா?"

"இதுவரைக்கும் எல்லாமே உங்களுக்குப் பெருசாத்தான் தெரிஞ்சிருக்குன்னு சொன்னாங்க," என்று மேனேஜர் சிரித்தார். சுற்றி நின்றவர்களில் நாலு பேரும் சிரித்தார்கள். யார் யார் என்று அவள் பார்த்து வைத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் பார்த்து வைத்தாள். மேனேஜர் இவ்வளவும் சொன்னது ஜன்னலைப் பார்த்து. கையில் இருந்த காகிதத்தை ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

'ஃப்ளா' என்ற அந்த வார்த்தை முதல் மூன்று நாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ரோல் தள்ளுகிறவர்கள் காதில் அது 'ஃப்ளோர்' என்று விழுந்தது. இரண்டாம் கட்டத்தில் டிக் விழுந்த ரோலையெல்லாம் தரையில் வைக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று, நடைபாதை நெடுக வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மேனேஜர் அதில் தடுக்கி விழப் பார்த்த பிறகுதான், அது தரை இல்லை, வேறே வார்த்தை என்று எல்லோருக்கும் தெரிந்தது. தரை இல்லையென்றால் வேறு என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நொட்டையக்காவுக்கு ரோல் நம்பர் படிக்கிற அளவுக்கு ஆங்கில எழுத்து தெரியும். எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். எஃப், எல், ஏ, டபிள்யூ. நான்கே எழுத்து. இவ்வளவு சின்ன வார்த்தைக்குள் என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம், மருமகள் மேசையில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, நொட்டையக்கா துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஃப்ளான்னா என்ன?"

"எங்க படிச்சீங்க அத்தை?"

"எங்கயோ. ஒரு சுவத்துல."

சுவரில் யார் அப்படி எழுதப் போகிறார்கள் என்று மருமகள் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "குறைன்னு அர்த்தம் அத்தை."

"சின்னக் குறையா, பெரிய குறையா?"

"அதுல அளவு இல்ல. பாக்க முழுசா, நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள ஒரு இடத்துல சரியா அமைஞ்சிருக்காது. வைரத்துக்குள்ள ஒரு கோடு இருந்தா அதைச் சொல்லலாம். ஒருத்தர் ஒரு திட்டம் போடுறார், எல்லாம் சரியா இருக்கு, ஒரே ஒரு விஷயத்தை யோசிக்க மறந்துட்டார்னா, அதையும் சொல்லலாம். அந்த ஒண்ணால மொத்தமும் கவுந்துடலாம், கவுறாமலும் போகலாம்."

"துணியில கறை இருந்தா?"

"அதுக்கு வேற வார்த்தை. கறை மேல ஒட்டினது. இது கூடவே பொறந்தது." மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "மனுஷங்களுக்கும் சொல்லலாம் அத்தை. ஒருத்தவங்க ரொம்ப நல்லவங்க, உழைப்பாளி, ஆனா எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவாங்கன்னு வைங்க. அந்தச் சந்தேகத்தை அவங்களோட ஃப்ளான்னு சொல்லலாம்."

நொட்டையக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். மருமகள் முகத்தில் ஒன்றும் இல்லை. பாடம் சொல்கிற முகம். ஊரில் எத்தனையோ குணம் இருக்க, கோபம் இருக்க, சோம்பல் இருக்க, உதாரணத்துக்கு இது ஒன்றுதான் கிடைத்ததா? வாயைப் பிடுங்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் அவள் மருமகளிடம் 'ம்', 'உம்' தவிர வேறு பேசவில்லை.

அதே வாரம்தான் நாற்பத்தேழாம் நம்பர் ரோல் வந்தது. புது நூலில் நெய்த பட்டை. மேலே பளபளவென்று, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. மேசைமேல் ஓடவிட்டபோது விளக்கு வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் கட்டைவிரல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. நிறுத்தி, அந்த இடத்தைப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தாள். நக அளவுக்கு வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. நிமிர்த்தியதும் மறைந்துவிட்டது. உள்ளே ஓடுகிற இழைகளில் ஒன்றிரண்டு அந்த இடத்தில் இல்லை.

வெள்ளைக் கோடு போட வேண்டிய ரோல். வெள்ளைக் கோடு இல்லாததால் முதல் கட்டத்தில் டிக் போட்டாள்.

மறுநாள் தையல் பிரிவு வழியாகத் தண்ணீர் குடிக்கப் போகும்போது நாற்பத்தேழாம் நம்பர் ரோல் ஒரு மிஷின் பக்கத்தில் பாதி தீர்ந்து நின்றது.

அவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். ஆபீஸ் அறைக்குப் போய், ரோல் நம்பர் சந்தேகமாக இருக்கிறது என்று ஏதோ சொல்லி, முந்தின நாள் ஃபார்மை வாங்கிப் பார்த்தாள். முதல் கட்டத்தில் அவள் போட்ட கறுப்பு டிக் மேல் ஒரு கோடு அடித்திருந்தது. இரண்டாம் கட்டத்தில் நீல மையில் புது டிக்.

தினமும் சாயங்காலம் செக்கிங் ஃபார்ம்களைச் சேர்த்து ஆபீஸுக்கு எடுத்துப்போவது எதிர் மேசைக்காரி. குரல் காரணமாக அவளுக்கு வெண்கலம் என்று பேர். முணுமுணுத்தாலே மூன்று மேசைக்குக் கேட்கும். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தவர்கள். நொட்டையக்காவின் மகன் கல்யாணத்தில் பந்தலில் நின்று ஆளை வரவேற்றவள் வெண்கலம்தான். அவளுடைய பேனா நீலம்.

தொழிற்சாலையில் பாதிப் பேருடைய பேனா நீலம் என்பது நொட்டையக்காவுக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒரு இடத்தில் விரல் தணிந்துவிட்டால் அவளால் அதை விட முடியாது. அன்றைக்கே தான் டிக் போட்ட நம்பர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் தனியாக எழுதி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். டீ நேரத்தில் தலைவலி என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்தாள். வெண்கலம் எழுந்தால் எங்கே போகிறாள், எவ்வளவு நேரத்தில் திரும்புகிறாள் என்று கவனித்தாள். புது மேனேஜர் வந்ததிலிருந்து வெண்கலத்துக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலி கிடைத்திருப்பது ஞாபகம் வந்தது. நாற்காலியைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பது ஞாபகம் வரவில்லை.

மூன்று நாளில் இன்னும் நான்கு ரோல் கட்டம் மாறியிருந்தன. நான்காம் நாள் சாயங்காலம் வெண்கலம் ஃபார்ம்களை எடுக்கக் கை நீட்டியபோது நொட்டையக்கா கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நானே குடுத்துக்கறேன்."

"ஏன்க்கா, என் கையில முள்ளா இருக்கு?"

"போற வழிதானே."

"போற வழியா? உங்க வழி கேட் பக்கம். ஆபீஸ் இந்தப் பக்கம்." வெண்கலத்தின் குரல் முதல் தடவையாக அடுத்த மேசைக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது. "நாலு நாளா பாக்குறேன். நான் தண்ணி குடிக்கப் போனாக்கூட பின்னாடியே உங்க கண்ணு வருது. என்னன்னு கேட்டுடுங்கக்கா. கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

நொட்டையக்கா கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தாள். ஃபார்ம்களைத் தன் கையால் கொண்டுபோய் ஆபீஸ் மேசையில் வைத்தாள்.

மறுநாள் பார்த்தபோது அப்போதும் ஒரு டிக் மாறியிருந்தது. அதற்காகச் சந்தேகம் வெண்கலத்தை விட்டு இறங்கிவிடவில்லை. கூட ஆபீஸ் கிளார்க்கையும் கேட் வாட்ச்மேனையும் தரை துடைக்கிற அம்மாவையும் ஏற்றிக்கொண்டது. கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வார்த்தையில்தான் ஏதோ இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து ஒரு நூல்கூட வெளியே போகக் கூடாது. அன்று சாயங்காலம் அவள், தையல் பிரிவில் மிச்சமிருந்த நாற்பத்தேழாம் ரோலில் விரல் தணிந்த இடமாகப் பார்த்து வெட்டிய ஒரு முழப் பட்டையை மேலங்கிக்குள் இடுப்பில் சுற்றி, ஒரு வெற்று ஃபார்மை நாலாக மடித்து செருப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் இதைச் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். வாட்ச்மேன் வழக்கம்போல அவள் பையைத் திறந்து பார்த்தார். இவ்வளவுதானா பார்ப்பது என்று அவளுக்கு அந்த நேரத்திலும் எரிச்சலாக வந்தது.

வீட்டில் பட்டையை மருமகள் முன்னால் போட்டாள். "சுவத்துல இல்ல. இதுலதான் பாத்தேன்." வளைத்துக் காட்டினாள். வெளிறிய கோடு தெரிந்தது, நிமிர்த்தியதும் போனது. மருமகள் தானே வாங்கி இரண்டு மூன்று தடவை வளைத்துப் பார்த்தாள்.

"இதை வச்சுக்கிட்டா மேல தொங்குறாங்க?"

"மேனேஜர் இது சின்ன விஷயம்ங்கறாரு. ரெண்டாவது கட்டத்துல போட்டு அனுப்புன்னு."

செருப்பிலிருந்து எடுத்த ஃபார்மை மருமகள் விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள். பின்பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. ஃபார்ம்கள் கட்டாகத் தைத்து வந்ததால் மேசையில் யாரும் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

"அத்தை, எல்லாம் இதுலயே இருக்கு." மருமகள் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "டிஃபெக்ட்னா பாத்த உடனே ஆகாதுன்னு தெரியற பழுது. கிழிசல், அறுந்த ஓரம். உடனே கழிக்கணும். ஃப்ளான்னா பட்டையோட நெசவுக்குள்ள இருக்கற குறை. வெளிய தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். எவ்வளவு சின்னதா இருந்தாலும் எடை கட்டிச் சோதிக்காம உபயோகிக்கக் கூடாது. கறை, நிறம் மங்கினது இதெல்லாம் எழுதவே வேணாம்."

நொட்டையக்கா எட்டி அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தாள். எடை கட்டிச் சோதிப்பது என்றால் வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோடு எங்கேயும் போகவில்லை. இரண்டாம் கட்டத்தில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"இன்னொரு தடவை படி."

மருமகள் படித்தாள். காலையில் காப்பி கொடுக்கும்போது நொட்டையக்கா மறுபடி படிக்கச் சொன்னாள். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை. மனப்பாடம் பண்ணிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வேலைக்குப் போகிற வழியில் தெருமுனை மருந்துக்கடையில் நின்று, உறவுக்காரர் ஒருத்தருக்கு வந்த காகிதம் என்று சொல்லி, கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவரும் அதையேதான் சொன்னார். திரும்பினால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மருமகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னை செக் பண்றீங்களா அத்தை?"

"உன்னை இல்ல. வார்த்தையை."

மருமகளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. "வார்த்தை சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப போய்ச் சொல்லுங்க. மேல ஆள் தொங்கறதுக்குள்ள."

மேனேஜர் அறைக்குள் அவள் நுழைந்தபோது அவர் மேசையில் முந்தின நாள் ஃபார்ம்கள் விரிந்திருந்தன. கையில் நீலப் பேனா. நொட்டையக்காவின் ஒரு டிக் மேல் அப்போதுதான் கோடு இழுத்திருந்தார். அதை அவர் மறைக்கக்கூட இல்லை.

"நீங்களா சார் மாத்தறீங்க?"

"நான்தான் மாத்தறேன். நீங்க எல்லாத்தையும் கழிவுல தள்ளினா தையலுக்கு என்னத்தை அனுப்பறது?"

வழியெல்லாம் அவள் எத்தனையோ யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நூல்காரரும் மேனேஜரும் கூட்டு, வெண்கலத்துக்கு அதில் பங்கு, கிளார்க்குக்குத் தெரியும், இப்படி. இந்த ஆளோ வீட்டுப்பாடம் திருத்துகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறார். அவள் ஒரு ஃபார்மை எடுத்துப் பின்பக்கம் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்."

"இப்ப நேரமில்ல."

"ரெண்டு வரிதான்."

மேனேஜர் குனிந்தார். கண் ஓர் இடத்திலேயே நின்றது. காது மடல் சிவந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்ததும் நொட்டையக்காவுக்கு விளங்கியது. இந்த ஆளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அன்றைக்கு ஜன்னலைப் பார்த்தது இதற்குத்தான். கதவு திறந்திருந்தது, வெளியே கிளார்க் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பின்பக்கத்தில் இருப்பதை மனசிலிருந்து சொன்னாள். நாலு தடவை கேட்டது, ஒரு வார்த்தை பிசகவில்லை. பிறகு மறுபடி இடுப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பட்டையை உருவி அவர் கையில் வளைத்துக் காட்டினாள்.

மேனேஜர் வெகுநேரம் அந்த இடத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார்.

"மில்லுல ஃப்ளான்னா திரைச்சீலையில ஒரு புள்ளி, ஒரு முடிச்சு. மடிப்புக்குள்ள வச்சுத் தச்சுடுவோம். இருபது வருஷம் அப்படித்தான். இங்கயும் அதுதான்னு..." என்று நிறுத்தினார். பிறகு, "யாரு படிச்சுச் சொன்னது?" என்றார்.

"என் மருமக. இங்கிலீஷ் டீச்சர்."

தையல் அரைமணியில் நின்றது. பின்கட்டு அறையில் மணல் மூட்டைகளைத் தூக்கிவந்தார்கள். கட்டம் மாறிய ரோல்களிலிருந்து ஏழு துண்டு வெட்டிக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐந்து தாங்கின. ஆறாவது, மூட்டை ஆடி நின்ற பிறகு, எல்லோரும் தாங்கிவிட்டது என்று திரும்பும்போது, சத்தமே இல்லாமல் இழை இல்லாத இடத்தில் பிரிந்தது. ஏழாவது கட்டிய உடனேயே போயிற்று. மணல் மேனேஜர் காலெல்லாம் கொட்டியது. அவர் நகரவில்லை.

முப்பத்தாறு பெல்ட் அதற்குள் லாரியில் போயிருந்தன. மேனேஜரே வண்டி எடுத்துக்கொண்டு போனார். போய்த் திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நொட்டையக்காவால் வேலைக்குப் போகிற வழியில் உயரமான கட்டிடம் எதையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டி வந்து இறங்கியது. ஒன்பது பெல்ட்டில் வர்ணம் ஒட்டியிருந்தது. அவற்றை மாட்டிக்கொண்டு யாரோ மேலே போய், வேலை பார்த்து, கீழேயும் இறங்கிவிட்டார்கள். மேனேஜர் எண்ணியது போதாமல் அவள் இரண்டு தடவை எண்ணினாள். முப்பத்தாறு.

முதலாளிக்கு மேனேஜர் சொல்லச் சொல்ல கிளார்க் இங்கிலீஷில் அடித்த கடிதத்தில், தவறு தன்னுடையது என்றும் கண்டுபிடித்தது செக்கிங் பிரிவு என்றும் இருப்பதாகக் கிளார்க் சொன்னார். இப்படி வெளிப்படையாக ஒருத்தர் எழுதுவாரா என்று நொட்டையக்காவுக்குத் தோன்றத்தான் செய்தது. நகலை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனாள். இந்தத் தடவை மருந்துக்கடைக்குப் போகவில்லை. மருமகள் ஒருதரம் படித்ததோடு மடித்து வைத்துவிட்டாள்.

ஃபார்மைத் தமிழில் அச்சடிக்கலாம் என்று முடிவானது. முதல் கட்டத்துக்குப் 'பழுது' என்பதில் சண்டை இல்லை. இரண்டாம் கட்டத்துக்குத்தான் ஒரு வாரம் இழுத்தது. 'குறை' என்றால் யாரும் மதிக்கமாட்டார்கள், எல்லாரிடமும்தான் குறை இருக்கிறது என்றார் கிளார்க். 'களங்கம்' என்றால் பட்டை ஏதோ தப்பு செய்த மாதிரி இருக்கிறது என்றார் வாட்ச்மேன். மருமகள் 'உட்குறை' என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, கீழேயே 'சோதிக்காமல் தைக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். முன்பக்கத்தில்.

வெண்கலம் விஷயம்தான் சரியாகவில்லை. நடந்தது முழுக்க அவள் காதுக்கும் போயிற்று. பெட்டி திரும்பி வந்த அன்று நொட்டையக்கா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போய், "தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

"நினைச்சது பரவாயில்லக்கா. கேட்டேனே, அப்பவும் சொல்லலையே," என்றாள் வெண்கலம். டீயை வாங்கிக் குடித்தாள். அடுத்த மாதம் தையல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் கேட்கும். இந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிற குரல் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் குழாயடியில் கை கழுவும்போது வெண்கலம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எம் பொண்ணு இங்கிலீஷ்ல ரொம்ப வீக்கா இருக்கா. உங்க மருமக சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சம் சொல்லிக் குடுப்பாளா?"

இத்தனை மாதம் பேசாதவள் இப்போது எதற்கு வருகிறாள், ஊரில் வேறு டீச்சரே இல்லையா, வீட்டுக்குள் பெண்ணை விட்டு என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள் என்று நொட்டையக்காவுக்கு வரிசையாக வந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினாள்.

"வரச் சொல்லு. நீயும் கூட வா," என்றாள்.